அரைஞாண் கொடியும் காட்டெருமை விலாவும்

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் எப்படி விழுந்தது என்று உள்ளபடி சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆகவே குறைத்தே சொல்லுகிறேன். ஆனி மாதம் சன்னதித் தெருவில் காயப்போட்ட என் வேட்டி ஆவணியில் காய்ந்தது. வக்கீல் பரமசிவன் பிள்ளையின் தலைப்பாகையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ச் செங்கோட்டைச் சுங்கச்சாவடியில் போட்டது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். வேற்று ராஜ்யத்திலிருந்து சீட்டில்லாமல் வந்த துணி என்று அதற்குத் தீர்வை போட்டுத்தான் திருப்பித் தந்தார்கள். ரசீதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. நான் அப்போது தென்காசி வாசகசாலைக்குக் காரியதரிசி. காரியதரிசி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாவி என்னிடம் இருக்கும். சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் வாசிக்க ஆள் இருக்காது. எல்லாரும் உடம்பில் எண்ணெயோடு குற்றாலத்தில் நிற்பார்கள். அதனால் வாசகசாலையையும் பெயர்த்துக்கொண்டு போய், பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் வைத்துவிடுவோம். பத்திரிகைகள் எல்லாம் ஈரமாக இருக்கும். செய்தியைப் பிழிந்துவிட்டுத்தான் படிக்கவேண்டும்.

அங்கேதான் அந்த விவாதம் நடந்தது. அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய மனிதன் யார், எந்த வழியாகப் போனான் என்பது பொருள். தென்காசிக்காரனுக்கு அதனால் என்ன என்று கேட்கலாம். மழைக்கு ஒதுங்கியிருந்தோம், வெற்றிலை தீர்ந்துபோயிருந்தது, கைக்கு ஒரு அமெரிக்கர் கிடைத்திருந்தார். வேறென்ன வேண்டும்?

அவர் மதுரைப் பக்கத்து மிஷனைச் சேர்ந்த வில்காக்ஸ் பாதிரியார். நல்ல மனுஷர். செடிகொடி பார்க்க ஒரு பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். தமிழை வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தவர். ஆகையால் காப்பி வேண்டுமென்றாலும், "சகோதரரே, அடியேனுக்குக் காப்பி அருளும்" என்பார். பரிசாரகன் பயந்துபோய்க் கும்பிட்டுவிட்டுக் கொடுப்பான்.

பரமசிவன் பிள்ளை முதலில் எழுந்தார். "இதுல விவாதிக்க என்ன வே இருக்கு? குமரிக்கண்டத்தக் கடல் கொள்ளுததுக்கு முந்தி, அமெரிக்கா நமக்குக் கொல்லைப்புறம். தமிழன் சாப்பிட்டுட்டுக் காலாற நடந்தே போயிருக்கான்."

"அத்தாட்சி?" என்றேன் நான்.

"அங்கன ஒரு மலைத்தொடர் இருக்கு. பேரு என்ன? ஆண்டீஸ். ஆண்டிகள் இருந்த மலை. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணுங்கேன்?"

கூடம் கைதட்டியது. நானும் தட்டினேன், நல்ல சரக்கு எங்கே கிடைத்தாலும் மதிக்கவேண்டும்.

வில்காக்ஸ் பாதிரியார் சிரிக்கவில்லை. அவர் சொன்னது இது. வெகுகாலத்துக்கு முன் பூமியில் பெரும் குளிர் இருந்தது. கடல் நீரெல்லாம் பனிக்கட்டியாக மேட்டில் ஏறிக்கொண்டது. கடல் வற்றி, வடக்கே ஆசியாவின் கோடிக்கும் அமெரிக்காவின் கோடிக்கும் நடுவில் தரை தெரிந்தது. அந்தத் தரைமேல் மிருகங்கள் நடந்தன. மிருகங்களின் பின்னால் வேட்டைக்காரர்கள் நடந்தார்கள். அமெரிக்காவுக்குப் போகிறோம் என்று அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. பிறகு பனி உருகிற்று, கடல் திரும்ப வந்தது, வழி முங்கிப்போயிற்று.

"அப்ப போனவன் திரும்பி வர வழியில்லாமப் போச்சுங்கீரு" என்றார் பிள்ளை.

"இல்லாமற் போயிற்று, சகோதரரே."

"சரி. அத்தாட்சி?"

பாதிரியார் எழுந்து நின்றுகொண்டார். "எங்கள் தேசத்திலே அநேகர் அநேக எலும்புகளையும் கல் ஆயுதங்களையும் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் ஒன்றையும் ஏற்கவில்லை. ஏனெனில் கண்டெடுத்தவன் தோண்டினான், கழுவினான், சாக்கிலே போட்டுக் கொண்டுவந்தான். அது எதன் கீழே கிடந்தது, எதனோடு கிடந்தது என்பதற்கு அவன் வாய்தான் சாட்சி. ஆனால் சில வருஷங்களுக்கு முன்னே, ஒரு ஓடைக்கரையிலே, பூமியில் இப்போது இல்லாத ஒரு ஜாதிக் காட்டெருமையின் எலும்புகள் கிடந்தன. இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கல் ஈட்டிமுனை. தோண்டினவர்கள் கை வைக்கவில்லை. தந்தி கொடுத்தார்கள். பண்டிதர்கள் ரயிலேறி வந்து, மண்டியிட்டு, அது கிடந்த இடத்திலே கிடக்கக் கண்டார்கள். அதன் பின்பே நம்பினார்கள்."

"அப்ப பொருள் சாட்சியில்ல, இடந்தான் சாட்சி" என்றார் பிள்ளை.

"ஆம். இடத்தைவிட்டு எடுத்தால் பொருள் ஊமை."

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "சாமி, நீங்க அமெரிக்காவுல எந்தப் பக்கம்?"

எல்லாரும் திரும்பினோம். தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு சாரலில் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் மீசை நரைத்த ஒருவர், கையில் செருப்போடு. இருவரையும் எனக்குத் தெரியும். இலத்தூர் ஆவுடையம்மாள். அவர் அவள் புருஷனுக்கு அண்ணன், செல்லச்சாமித் தேவர்.

பாதிரியார் ஏதோ ஒரு மாகாணத்தின் பெயரைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் அங்கனதான் இருக்காரு. கறுப்பா, வளத்தியா இருப்பாரு. இடது புருவத்துல ஒரு வெட்டு. அந்த ஊர்ல எங்காளுக வேற யாரும் இருக்கமாட்டாக, பாத்தா மறக்காது. பேரு கடற்கரை."

கடற்கரை என்பது பெயர் என்று பாதிரியாருக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியபின் தலையைக் குனிந்துகொண்டு, "தாயே, தேசம் மிகப் பெரிது" என்றார்.

கடற்கரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை. ஜெர்மன் சண்டையில் மூட்டை சுமக்கும் கூலிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பஸ்ராவுக்குப் போனான். கல்யாணமாகி ஆறு மாதம். சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். இவன் திரும்பவில்லை. தென்காசி ஒலி முகம்மதோடு சேர்ந்து கப்பலில் கரி தள்ளும் வேலைக்கு ஏறிவிட்டான். சில வருஷம் கழித்து ஒலி முகம்மது மட்டும் வந்தான். கப்பல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் நின்றதென்றும், கடற்கரை சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டானென்றும், "இத ஆவுடைகிட்ட குடு, வந்திருதேன்னு சொல்லு" என்று தன் வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றிக் கொடுத்தானென்றும் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த கப்பலேறினான். அந்தக் கப்பல் பர்மாப் பக்கம் முங்கிற்று.

ஒலி முகம்மதின் பேச்சுக்கு எடை போடத் தென்காசியில் தகுதியானவன் நான் ஒருவன்தான். ஒரு தடவை தீவு என்று நினைத்துத் திமிங்கிலத்தின் முதுகில் இறங்கி வெங்காயம் பயிரிட்டதாகச் சொன்னான். ஒரு போகம் எடுத்தானாம். நானாயிருந்தால் இரண்டு போகம் எடுத்திருப்பேன். அந்த மட்டுக்கு அவன் யோக்கியன்.

ஆனால் கொடி மெய்யாகவே வந்திருந்தது. அதில்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை அரைஞாணைக் கழற்றமாட்டான். பிறந்து சில நாளில் இடுப்பில் ஏறுவது, செத்த அன்றுதான் இறங்கும். அப்போதும் கொக்கியைக் கழற்றி இறக்குவதில்லை, அறுத்து எடுப்பார்கள். ஆகவே கொடி தனியாக வந்தது என்றதும் பாதி ஊர் கடற்கரை செத்தான் என்றது. கொடி முழுசாக வந்திருக்கிறதே என்று ஆவுடை சொன்னாள். அந்த முழுசை மடியில் முடிந்துகொண்டுதான் அத்தனை வருஷமும் மஞ்சள் தேய்த்துக் குளித்தாள்.

அவன் அமெரிக்காவில் இறங்கி இப்போது பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. அத்தனை காலம் தகவலில்லாதவனுக்குக் கருமாதி செய்துவிடுவது வழக்கம். செல்லச்சாமித் தேவருக்கு அவசரம் வேறு. மகன் வீட்டில் இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. மருமகள் மறுபடி முழுகாமல் இருந்தாள். தண்ணீர் கிடைக்காத ஆவி ஒன்று வாசலில் நிற்கிறது என்று குறிகாரி சொல்லிவிட்டாள். ஆடி அமாவாசைக்குச் சடங்கு பேசிவிட்டுப் போகத்தான் அவர் குற்றாலம் வந்திருந்தார். அமெரிக்கத் துரை ஒருவர் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆவுடை பின்னாலேயே வந்துவிட்டாள்.

"படிச்சவங்க இத்தனை பேர் இருக்கீங்க" என்றார் தேவர் கூடத்தைப் பார்த்து. "நீங்களே கேட்டு ஒரு தீர்ப்புச் சொல்லுங்கய்யா. உசிரோட இருக்கவன் அரைஞாணக் கழத்துவானா? எந் தம்பிய நான் கொல்லணும்னா சொல்லுதேன்? வீட்டுல தொட்டில் ரெண்டுதரம் ஆடாம நின்னுட்டுய்யா."

"செத்தவுக கொடி முழுசாவா வரும், அத்தான்?" என்றாள் ஆவுடை. "அந்த ஊர்ல கால்சட்டை மாட்டி வார் கட்டுதாக. கொடி உறுத்தியிருக்கும், கழத்திக் குடுத்திருக்காரு. என்னமோ நான் பாக்காதவ மாதிரி. கோமணம் உறுத்துனாலே ஒரு நாள் முழுக்கப் புலம்புவாரு."

கூடத்தில் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள்.

பரமசிவன் பிள்ளைக்கு வழக்கு கிடைத்துவிட்டது. ஆண்டிகளை மலையிலேயே விட்டுவிட்டார். "சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லேன்னா செத்தவன்னு வச்சுக்கிடலாம்" என்றார்.

"சட்டம் போட்டவருக்கு எங்க வீட்டுக்காரரத் தெரியுமா?"

பிள்ளை கொஞ்சம் யோசித்து, "தெரியாது" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "கொடியக் காட்டு" என்றார்.

அவள் மடியை அவிழ்த்துக் கொடுத்தாள். பளபளவென்று இருந்தது. பிள்ளை பார்த்துவிட்டுப் பாதிரியாரிடம் தந்தார். பாதிரியார் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை வைத்து வளையம் வளையமாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. எங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அவர் அதைப் பையில் போட்டிருந்தால் நன்றாயிருக்கும். பிள்ளை எடுத்துப் பார்த்துவிட்டார்.

"பத்தவச்சிருக்கு" என்றார். "இந்த ரெண்டு வளையத்துக்கு நடுவுல. ஆசாரி ஊதி ஒட்டுன கொடி இது. இங்கன ஒரு காலத்துல ரெண்டாப் போயிருக்கு."

ஆவுடை கையை நீட்டிக் கொடியை வாங்கினாள். விரலால் தடவினாள். அந்த இடத்தை அவள் எத்தனை தரம் தடவியிருப்பாள்! இப்போதுதான் அங்கே ஒரு மேடு தட்டிற்று.

"ஒட்டுனது யாரு?" என்றாள்.

அதைச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தாள். ஒலி முகம்மதின் விதவை சைதூன் பீவி. கொடியை ஆவுடை கையில் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான். இரண்டு வண்டி பிடித்து எல்லாருமாகத் தென்காசிக்குப் போனோம். வழியில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் வண்டி மாடு மட்டும் ஒன்று சொல்லிற்று. மாடு பேசியது என்றால் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் சைதூன் பீவி பாய் முடைந்துகொண்டிருந்தாள். கொடியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆவுடையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ஆமா தாயி, நாந்தான் ஆசாரிகிட்ட குடுத்தேன்" என்றாள். "புருசன் கொடிய அந்தக் கோலத்துல ஒரு பொம்பளை கையில குடுக்கலாமா? ஒரே கரி வேற. புளி போட்டு வெளக்கினேன். ஆசாரி ரெண்டு முனையையும் அரத்தால ராவி நேராக்கி, ஊதி ஒட்டித் தந்தாரு. நல்லாத்தானே இருக்கு?"

வில்காக்ஸ் பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்தக் கோலத்துல வந்துது?" என்றார் பிள்ளை.

"பெருகி வந்துது."

இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் தாலிச் சரடு இற்றுப்போனால் போயிற்று என்று சொல்லமாட்டார்கள், பெருகிற்று என்பார்கள். கெட்டதைக் கெட்டது என்று சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும் என்று பயம். சைதூன் பீவி பிறந்தது முதல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் வளர்ந்தவள். அவளுக்கும் அதே பாஷை.

"பெருகுதல் என்றால் அதிகரித்தல் அல்லவா?" என்று பாதிரியார் என் காதில் கேட்டார். இல்லை என்று கையால் சொன்னேன்.

"இந்தா பாரும்மா" என்றார் பிள்ளை, "பெருகுச்சுன்னா எப்படி? கரி அள்ளும்போது எதுலயாவது மாட்டித் தானா போச்சா? இல்ல, கத்திய வச்சு..."

"வக்கீலய்யா!" சைதூன் பீவி ஆவுடையின் காதுகளைப் பொத்தினாள். "புள்ள மஞ்சளும் கயிறுமா எம் முன்னால உக்காந்திருக்கா. அந்தச் சொல்லு எவ வாயிலயாவது வருமா?"

"கோர்ட்டுல கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

"கோர்ட்டுலயும் பெருகுச்சுன்னுதான் சொல்லுவேன்."

"உம் புருசன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

"கடற்கரை கையாலயே குடுத்தான்னுதான் சொன்னாரு. சொல்லும்போது எம் முகத்தப் பாக்கல." செல்லச்சாமித் தேவர் பெருமூச்சு விட்டார். அவள் உடனே சேர்த்துக்கொண்டாள்: "அவரு எப்பவுமே யாரு முகத்தையும் பாத்துச் சொன்னதில்லய்யா. வெங்காயக் கதையையும் கூரையப் பாத்துத்தான் சொன்னாரு."

"அந்த ஆசாரி?"

"அவரு மௌத்தாகி மூணு வருசமாச்சு."

அதன்பின் கேட்கிறதற்கு ஒன்றுமில்லை. பிள்ளை மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினார். தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி கத்திற்று. அப்போது ஆவுடை தன் காதைப் பொத்தியிருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா. நானே கேக்குதேன். எனக்குத் தெரியணும். அறுந்துதா, அறுத்ததா?"

தாலி கட்டின பெண் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தேவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சைதூன் பீவிக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு வித்தியாசம் தெரியல தாயி. அன்னைக்குப் பாக்கணும்னு தோணல. கரியா இருந்துது. கழுவிட்டேன்."

திரும்பி வருகிற வழியில் ஆவுடை பாதிரியாரின் வண்டியில் ஏறிக்கொண்டாள். நானும் அதில்தான் இருந்தேன்.

"சாமி, இடத்தவிட்டு எடுத்தது ஊமைன்னு சொன்னீகளே. அப்ப இந்தக் கொடி அவரு இருக்காருன்னு சொல்லாது."

"சொல்லாது, தாயே."

"செத்துட்டாருன்னும் சொல்லாதுல்லா?"

"அதையும் சொல்லாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

அவர் அவ்வளவு படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரம் பேருக்கு ஆறுதல் சொல்லுகிறவர். தான் ஊருக்குப் போகும்போது துறைமுகங்களில் விசாரிப்பதாகச் சொன்னார். சாரல் பலத்துவிட்டது.

இலத்தூருக்குத் திரும்பிய பிறகு என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. ஆடி அமாவாசையன்று குற்றாலத்துக்கு எல்லாருமே வந்திருந்தார்கள். நிறைமாதத்து மருமகளும் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ஆவுடை அவளைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "இவ முகத்தப் பாத்து ஒத்துக்கிட்டேன் அண்ணாச்சி. சடங்கு செய்யட்டும். கொடியவும் குடுக்குதேன். எங் கழுத்துல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது."

"கருமாதி முடிச்சுட்டுக் கழுத்துல வச்சிருந்தா அது எந்தக் கணக்குல சேத்தி, தாயி?" என்றார் செல்லச்சாமித் தேவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல்தான் கேட்டார்.

"எந்தக் கணக்குலயும் சேக்காதீக."

ஆற்றங்கரையில் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் முடிந்தார்கள். ஒரு முழ நீளம் இருக்கும். கடற்கரை ஆறடி. அதன் இடுப்பில் வெள்ளிக் கொடியை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். சடங்கு செய்துவைத்த ஐயர் கொடியை எடுக்கச் சொன்னார். சவரம் செய்யும் குடிமகன் கத்தியைக் கொண்டுவந்தான். தேவர் ஒரு கையால் கொடியைத் தூக்கிப் பிடித்தார்.

பிடித்த கையில் கொடி இரண்டாக இருந்தது. ஆசாரி ஊதி ஒட்டிய அதே இடம்.

கத்தி படவேயில்லை என்று குடிமகன் சத்தியம் செய்தான். பட்டதைத் தன் கண்ணால் கண்டதாக ஐயர் சொன்னார். தன் இழுப்பில் போயிருக்கும் என்று தேவர் சொன்னார். இருபது பேர் சுற்றி நின்றோம், பட்டப்பகல், நடந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போகவில்லை. பரமசிவன் பிள்ளை பாதிரியாரிடம் ஓடினார். "நீங்க சொல்லுங்க. இடத்துல நின்னு பாத்த சாட்சி நீங்க. தானா போச்சா, கத்தியா?"

"நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், சகோதரரே" என்றார் அவர். "சாரல்."

நானா? நான் ஆவுடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொடியைப் பார்க்கவில்லை. மேற்கே, அருவிக்கு மேலே மலையை மேகம் மூடியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேவர் இரண்டு துண்டையும் அவளிடம் நீட்டினார்.

"பெருகிட்டு" என்று சொல்லி வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

மருமகளுக்கு ஆவணியில் ஆண்பிள்ளை பிறந்தது. கடற்கரை என்றே பெயர் வைத்தார்கள். தை பிறக்குமுன்னே அதுவும் போய்விட்டது. அதற்குப்பின் தேவர் யாரிடமும் குறி கேட்கவில்லை.

ஆவுடை தாலியோடுதான் இருந்தாள். கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு சுற்றிவரும்போது அவள் முன்னால் வந்து நிற்கும். எடுத்துவந்த பெண்ணுக்குக் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் போகவும் பயம். ஆவுடை தானே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய்விடுவாள். பிறகு கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். சாவு விழுந்த துஷ்டி வீடுகளுக்கும் போகவில்லை. அங்கேயும் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாது. சீசனுக்கு மட்டும் குற்றாலம் வருவாள். அருவிக்கு எல்லாரும் ஒன்றுதான்.

வில்காக்ஸ் பாதிரியார் மறுவருஷம் அமெரிக்காவுக்குப் போனார். போகுமுன் வாசகசாலைக்கு வந்து சொல்லிக்கொண்டார். துறைமுகங்களில் விசாரித்திருப்பார். செய்கிறேன் என்றால் செய்கிற மனுஷர். ஒரு தகவலும் வரவில்லை.

அடுத்த சண்டை தொடங்கிய வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஆவுடை குளித்துவிட்டு ஈரத்துணி மூட்டையோடு சத்திரத்து வாசலில் வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அந்தச் சாமி சொன்னாருல்லா, எருமை விலாவுல கல்லு. அது இன்னும் அங்கனயேதான் கிடக்கா?"

என் வாயில் எத்தனையோ வந்தது. கிடக்கிறது, சுற்றிலும் பித்தளைக் கம்பி போட்டிருக்கிறார்கள், பாராக்காரர் இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள், மழை பெய்தால் கவர்னரே வந்து குடை பிடிக்கிறார். இதைவிடப் பெரியதெல்லாம் நான் கூசாமல் சொன்னவன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பாதிரியார் போகும்போது சொன்னதைத்தான் சொன்னேன்.

"இல்ல தாயி. மண்ணோட சேத்துச் சுத்தி வெட்டி, சாந்து பூசி எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். ஏதோ ஒரு ஊர் காட்சிசாலையில கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்களாம்."

"கழுவிட்டாகளா?"

"தெரியல. கொஞ்சமாவது கழுவியிருப்பாங்க."

ஆவுடை ஈரத் தலையைத் தட்டி முடிந்துகொண்டாள்.

"அப்ப அதுவும் போச்சு" என்று சொல்லிவிட்டு, மூட்டையை இடுப்பு மாற்றிக்கொண்டு இலத்தூர் வண்டி நிற்கிற பக்கமாக நடந்தாள்.